கிழமைக் கடன் எடுத்துப் பலகாரத் தொழில்: அண்ணிக்கு என்ன சொல்லலாம்?

நோர்வூட் பிள்ளை (2025 ஆகஸ்ட்)

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அண்ணி இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறார். அந்திக்கு வந்து முறுக்கு, மிக்சர், கடலை வடை போட்டு லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) கடைகள் சிலவற்றுக்கும் ஒரு பள்ளிக்கூடக் கன்டீனுக்கும் கொடுக்கிறார். கைப்பக்குவம் நல்லது, கேட்டு வாங்கிப் போகிறார்கள். அண்ணன் கொழும்பில் கடையில் வேலை.

இப்போது ஒரு நுண்கடன் கம்பனிக்காரர்கள் எங்கள் தோட்டத்து டிவிசனுக்கு (பிரிவுக்கு) வந்து பெண்களுக்கு 60,000 ரூபா தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். 52 கிழமையில் (வாரத்தில்) கட்டி முடிக்க வேண்டும். வட்டி 24 வீதம் என்றார்களாம். ஐந்து பேர் சேர்ந்து குரூப் போட வேண்டும், ஒருவருக்கு மற்றவர்கள் பிணை. அண்ணிக்குப் பெரிய அடுப்பு, பைக்கற் ஒட்டும் மெசின், கொஞ்சம் மொத்தச் சாமான் வாங்க ஆசை. வீட்டில் பாதிப் பேர் எடு என்கிறார்கள், பாதிப் பேர் வேண்டாம் என்கிறார்கள். விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கணக்குக் கந்தன்

முதலில் கிழமைக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்று கேட்டீர்களா? 24 வீதம் என்பது எந்த முறையில் என்பதுதான் கேள்வி. இந்தக் கடன்களில் பெரும்பாலும் தட்டை வட்டிதான். அதாவது 60,000க்கு 24 வீதம் 14,400. மொத்தம் 74,400. அதை 52ஆல் பிரித்தால் கிழமைக்கு 1,430 ரூபா சொச்சம்.

இதில் என்ன மறைந்திருக்கிறது என்றால், ஆறு மாதத்தில் அண்ணி அசலில் பாதியைத் திருப்பிக் கட்டியிருப்பார். ஆனால் வட்டி மட்டும் முழு 60,000க்கும் கடைசி வரை ஓடும். கையில் இருக்கும் மீதிக் காசுக்கு என்று கணக்குப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 44 வீதம். ஆவணச் செலவு, காப்புறுதி என்று முன்கூட்டியே 2,000 கழித்துக்கொண்டு 58,000 கொடுத்தால் அது 51 வீதமாகிவிடும். கூட்டு வட்டி போட்டால் இன்னும் ஏறும். 2018 கடைசியில் மத்திய வங்கி, உரிமம் பெற்ற நிதிக் கம்பனிகளின் நுண்கடனுக்கு ஆண்டு வட்டி எல்லாம் சேர்த்து 35 வீதத்தைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு போட்டது. அதனால் வந்தவர்கள் யார், உரிமம் உள்ளவர்களா, 24 என்பது தட்டையா குறையும் மீதிக்கா என்று எழுத்தில் வாங்குங்கள். எழுத்தில் தராவிட்டால் பேச்சே வேண்டாம்.

இன்னொன்று. தோட்டத்து நாட்சம்பளம் இந்த 2025 ஆகஸ்டில் 1,350. ஈ.பி.எப். (ஊழியர் சேமலாப நிதி) 8 வீதம் போனால் கைக்கு 1,242. முழுப்பேர் (முழு நாள் வேலைக் கணக்கு) விழுந்த ஒரு நாள் சம்பளம்கூட ஒரு கிழமைத் தவணைக்குக் காணாது.

மஸ்கெலியா ராணி

தங்கச்சி, நான் எடுத்தவள். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தையல் மெசினுக்கு எடுத்தேன். முதல் கடன் ஒழுங்காகக் கட்டி முடித்தேன், அதை மறைக்க மாட்டேன். முடித்த கிழமையே அதைவிடப் பெரிய தொகை தருகிறோம் என்று வந்தார்கள். அந்த நேரம் மகனுக்கு ஆஸ்பத்திரிச் செலவு. எடுத்தேன், பாதி அதற்குப் போனது. அப்புறம் 2020இல் கொரோனா, தையல் இல்லை. தவணையை ஒத்திவைக்கச் சொல்லி அரசாங்கம் சொன்னது, ஆனால் ஒத்திவைத்த மாதத்துக்கும் வட்டி ஓடியது. 2022இல் கோதுமை மா விலை ஏறினபோது ரொட்டி சுடுவதற்கே யோசித்த காலம், அதில் யார் சட்டை தைப்பார்கள்? முதல் கம்பனிக்குக் கட்ட இரண்டாவது கம்பனியிடம் எடுத்தேன். கிழிந்த சேலையைத் தைக்க அதே சேலையின் முந்தானையை வெட்டின கதைதான்.

வட்டியைவிடக் கொடுமை சென்டர் மீட்டிங். புதன்கிழமை காலையில் ஒருவர் வீட்டு வாசலில் பாய் விரித்து உட்கார வேண்டும். ஒருத்தி காசு கொண்டுவராவிட்டால் மற்ற நாலு பேரும் போட்டுக் கட்டும் வரை எழும்ப விடமாட்டார்கள். கொழுந்து மலைக்குப் போக நேரமாகிவிடும், அன்றைக்கு அரைப்பேர். பத்து வருடம் ஒரே பீலியில் தண்ணீர் பிடித்தவர்கள் எனக்கு முகம் கொடுத்துப் பேசாமல் போனார்கள். எனக்கு வலித்தது அதுதான். கம்பனிக்காரன் வருவான், போவான். லயத்தில் சுவர் ஒன்றுதானே.

பழைய பீல்ட் ஒபிசர்

நான் நுண்கடன் கம்பனியில் அந்த வசூல் வேலை பார்த்தவன், இப்போது இல்லை. ராணி அக்கா சொல்வது நடக்காத விசயம் இல்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும் பேசினால் சரியில்லை.

தலவாக்கலை, டயகமப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்கிற பெண்கள், ஏற்கனவே கடை வைத்திருந்தவர்கள், இந்தக் கடனால் முன்னுக்கு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். வங்கிக்குப் போனால் அவர்களை உட்காரச் சொல்லக்கூட ஆள் இல்லை. நாங்கள் வீட்டு வாசலுக்குப் போனோம். கிழமைக்கு ஒருமுறை ஏறி இறங்கி வசூல் செய்ய எரிபொருள், ஆள், எழுத்துவேலை எல்லாம் செலவுதான். 60,000 ரூபாக் கடனுக்கும் ஆறு லட்சக் கடனுக்கும் ஒரே வேலை. வட்டி கூடுவது அதனாலும்தான்.

கெட்டுப்போனது எங்கே என்றால், ஒரே டிவிசனுக்குள் நாலைந்து கம்பனி இறங்கியபோது. எங்களுக்கு மாதாமாதம் இலக்கு. ஏற்கனவே இரண்டு கடன் உள்ளவர் என்று தெரிந்தும் விண்ணப்பப் படிவம் நிரப்பச் சொன்னார்கள். தொழில் என்ன என்று கேட்கும் இடத்தில் ‘கோழி வளர்ப்பு’ என்று நாங்களே எழுதிய நாட்கள் உண்டு. கோழி இருக்காது.

கொட்டகலை டீச்சர்

இது புதுக்கதை இல்லை. எங்கள் பாட்டன் பூட்டன் காலத்தில் கங்காணி கொடுத்த முற்பணத்துக்குத் துண்டு என்று ஒன்று எழுதிக் கொடுப்பார்கள். ஆள் இவ்வளவு கடன்பட்டிருக்கிறான், அதைக் கட்டினால் விடுவிப்போம் என்ற சீட்டு. அந்தக் கடனை இன்னொரு தோட்டம் ஏற்றால்தான் ஆள் போகலாம். கடனோடுதான் ஆளும் கைமாறினார். 1921இல்தான் அதைச் சட்டத்தால் ஒழித்தார்கள்.

கணக்குக் கந்தன்

டீச்சர், மரியாதையோடு சொல்கிறேன், துண்டும் இதுவும் ஒன்றில்லை. இங்கே யாரும் தோட்டத்தை விட்டுப் போகத் தடை இல்லை. பழைய வரலாற்றை இழுத்தால் அண்ணியின் கேள்வி அடிபட்டுப் போகும்.

கொட்டகலை டீச்சர்

ஒன்று என்று நான் சொல்லவில்லை தம்பி. ஏன் எங்கள் பெண்கள் மட்டும் இந்த விலைக்குக் கடன் வாங்குகிறார்கள் என்பதற்குக் காரணம் வரலாற்றில்தான் இருக்கிறது. வங்கி என்ன கேட்கும்? காணி உறுதி (நிலப் பத்திரம்). இல்லாவிட்டால் அரசாங்க உத்தியோகத்தர் இரண்டு பேர் பிணை. 1948இல் குடியுரிமையைப் பறித்த பிறகு அரசாங்க வேலைக்கு எத்தனை பேர் போக முடிந்தது? மிச்சம் இருந்தவர்களுக்கும் குடியுரிமை கிடைக்க 2003 வரை சட்டத்துக்குக் காத்திருந்தோம். 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின, 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின, லயத்துக்குக் கீழே உள்ள மண் எங்களுக்கு வரவே இல்லை. 7 பேர்ச், 10 பேர்ச் என்று சின்னத் துண்டு நிலத்தில் வீடு கிடைத்தவர்களிலும் உறுதி கையில் இல்லாதவர்கள் எத்தனையோ பேர். ஈடு வைக்க ஒன்றும் இல்லாதவளிடம் ஈடு கேட்காமல் வருபவன், பக்கத்து வீட்டுக்காரியின் முகத்தை ஈடாக எடுக்கிறான். ராணி எழுதியது அதைத்தான்.

கூடலூர்க்காரன்

சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு வந்த குடும்பம் எங்களுடையது. நீலகிரியில் டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) தோட்டத்தில் அப்பா வேலை செய்தார். இங்குள்ள நிலவரம் உங்களுக்கு உதவலாம் என்று எழுதுகிறேன்.

இங்கே பணியர், குறும்பர், இருளர், கோத்தர், தோடர் என்று பழங்குடி மக்களும் தாயகம் திரும்பிய நம்மவர்களும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறோம். மகளிர் சுயஉதவிக் குழு இரண்டு பக்கமும் உண்டு. அதில் முறை தலைகீழ். முதலில் ஆறு மாதமாவது பெண்கள் தங்கள் காசை மாதாமாதம் சேமித்து, தங்களுக்குள்ளேயே சுற்றுக்கு விட வேண்டும். அதற்குப் பிறகுதான் வங்கி. தமிழ்நாட்டில் 1989இல் தர்மபுரியில் தொடங்கியது. நபார்டு (வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கி) 1992இல் 500 குழுக்களை வைத்து வங்கி இணைப்பைச் சோதித்துப் பார்த்தது.

ஆனால் எல்லாம் தேனும் பாலும் என்று நினைக்க வேண்டாம். பணியர் வீடுகளில் வருமானமே பருவத்துக்குத்தான் வரும். மாதத் தவணை என்றாலே குழு ஆட்டம் காணும். கடன் கொடுத்து மட்டும் அவர்களுக்குத் தொழில் வந்துவிடவில்லை. தேன், மெழுகு, தோடர்களின் பூத்தையல் போன்றவற்றில் வாங்குவதற்கு ஆளும் நியாய விலையும் இருந்த இடத்தில்தான் காசு நின்றது. தோடர் பூத்தையலுக்கு 2013இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

தனியார் நுண்கடன் இங்கேயும் வந்து அதே கூத்துத்தான். ஆந்திராவில் தற்கொலைகள் நடந்த பிறகு 2010 அக்டோபரில் அரசு அவசரச் சட்டமே போட்டது. 2022இல் ரிசர்வ் வங்கி ஒரு நல்ல விதி கொண்டுவந்தது: ஒரு வீட்டின் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து அந்த வீட்டின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. கடைப்பிடிக்கிறார்களா என்பது வேறு. அங்கே அப்படி ஒரு விதி உண்டா?

பேராதனைப் பையன்

உச்சவரம்பு வட்டிக்குத்தான் அண்ணா, வீட்டுச் சுமைக்கு அப்படி ஒன்று எனக்குத் தெரிந்து இல்லை. 2016இல் நுண்நிதிச் சட்டம் வந்தது. 2018இல் ஐ.நா.வின் சுயாதீன நிபுணர் ஹுவான் பாப்லோ போஹோஸ்லாவ்ஸ்கி இலங்கைக்கு வந்து, சில கடன்களில் ஆண்டு வட்டி 220 வீதம் வரை போவதாகவும் வசூலுக்கு வருபவர்கள் பெண்களைப் பாலியல் ரீதியாக நெருக்குவதாகவும் அறிக்கை எழுதினார். அதே வருடம் அரசாங்கம் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு லட்சத்துக்கு உட்பட்ட கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. வடக்கு, கிழக்கு, வடமத்தி, வடமேல் மாகாணங்கள். நுவரெலியாவும் பதுளையும் அதில் இல்லை. மலையில் மழை பெய்கிறதே, வரட்சி எங்கே என்று விட்டுவிட்டார்கள் போல! 2021 மகளிர் தினத்தன்று பொலன்னறுவை ஹிங்குராக்கொடையில் பெண்கள் சத்தியாக்கிரகம் இருந்தது நினைவிருக்கும்.

அண்ணியின் கேள்விக்கு நேராக வரும் இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். 2005இல் காலி, மாத்தறை, களுத்துறையில் சிறு தொழில் செய்பவர்களுக்கு 10,000, 20,000 ரூபா என்று கடனாக இல்லாமல் இனாமாகவே கொடுத்துப் பார்த்தார்கள். ஆண்களின் தொழிலில் இலாபம் நன்றாகக் கூடியது. பெண்களின் தொழிலில் சராசரியாக ஒன்றும் கூடவில்லை. பெண்ணுக்குக் கெட்டித்தனம் இல்லை என்று அவசரப்பட வேண்டாம். பிறகு வந்த ஆய்வாளர்கள் அதே தரவைக் கிளறியபோது, வீட்டில் ஒரே தொழில் அந்தப் பெண்ணுடையதாக இருந்தால் அவளும் நன்றாகவே சம்பாதித்தாள் என்று தெரிந்தது. வீட்டில் இன்னொரு தொழில் இருந்தால் அவள் பெயரில் வந்த காசு அங்கே போய்விடுகிறது.

மற்றது கொல்கத்தாவில். முதல் தவணையை இரண்டு கிழமையில் கேட்காமல் இரண்டு மாதம் கழித்துக் கேட்டார்கள். அந்தப் பெண்கள் தொழிலில் அதிகம் போட்டார்கள், பின்னாளில் இலாபமும் கூடியது. கட்டாமல் விட்டவர்களும் கூடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். கம்பனிகள் ஏன் கிழமைத் தவணையை விடுவதில்லை என்பதற்கு அதுவே பதில்.

பழைய பீல்ட் ஒபிசர்

கிழமை வசூல் இருந்தால் யார் தடுமாறுகிறார் என்று உடனே தெரிந்துவிடும். கம்பனிக்கு அதுதான் வேண்டும். கடன் எடுத்தவருக்கு அது வேண்டுமா என்று யாரும் கேட்டதில்லை.

நோர்வூட் பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. அண்ணியிடம் போனில் கேட்டு எழுதுகிறேன்.

கம்பனி தட்டை வட்டிதானாம். முதல் தவணை அடுத்த கிழமையே. குரூப்பில் சேரச் சொன்ன நாலு பேரில் இரண்டு பேருக்கு ஏற்கனவே வேறு இடத்தில் கடன் இருக்கிறது. கன்டீன் மாதக் கடைசியில் காசு தரும், ஆகஸ்டிலும் டிசம்பரிலும் லீவு. லயத்துக் கடைக்காரர்கள் சம்பளம் போட்ட பிறகுதான் தருவார்கள், ஏனென்றால் அவர்களுக்கே வாடிக்கைக்காரர்கள் 10ஆம் திகதிக்குப் பிறகுதான் கட்டுகிறார்கள். அண்ணன் எப்போது அனுப்புவார் என்று சொல்ல முடியாது. மாதம் முறுக்கில் செலவு போக 14,000, 15,000 நிற்கும் என்கிறார். தன் உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல்.

கணக்குக் கந்தன்

இப்போது விசயம் வெளிச்சமாகிவிட்டது. கிழமைக்கு 1,430 என்றால் மாதத்துக்கு 6,200. இலாபம் 14,000 என்றால் தாளில் கட்டலாம். ஆனால் காசு வருவது 10ஆம் திகதியை ஒட்டி. தோட்டத்தில் 25ஆம் திகதி முற்பணம், 10இல் சம்பளம், முழு டிவிசனின் காசும் அந்த இரண்டு நாளை வைத்துத்தான் புரள்கிறது. கம்பனி புதனுக்குப் புதன் கேட்கும். 20ஆம் திகதிக்கு வரும் புதனுக்கு அண்ணி எங்கே போவார்? கைமாற்று, நகை, இல்லாவிட்டால் எண்ணெய் வாங்க வைத்திருந்த முதல். முதலை எடுத்துத் தவணை கட்டத் தொடங்கினால் இரண்டாவது மாதமே முறுக்குச் சட்டி காயும்.

வட்டி 24ஆ 44ஆ என்று நானே முதலில் கத்தினேன். இந்த வீட்டுக்கு அதைவிடப் பெரிய சிக்கல் நாட்காட்டிதான்.

மஸ்கெலியா ராணி

அதோடு அந்த இரண்டு பேர் கடன். குரூப்பில் கையெழுத்துப் போட்டால் அவர்களுடைய கடனும் உங்கள் அண்ணியுடையது. சொல்லிவிட்டேன்.

டிக்கோயா மாமி

நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதுவதில்லை. ஆனால் பலகாரம் என்றதால் எழுதுகிறேன், எனக்கும் அதே தொழில்.

60,000 எதற்கு மகள்? பைக்கற் ஒட்டும் கை மெசின் சில ஆயிரத்துக்குள் முடியும். பெரிய அடுப்பு இப்போதைக்கு வேண்டாம், இன்னும் விற்கும் இடம் பிடிக்கவில்லையே. எங்கள் லயத்தில் பன்னிரண்டு பேர் சீட்டுப் போடுகிறோம், மாதம் 3,000. சம்பளத்துக்கு மறுநாள் குலுக்கல். யாருக்காவது அவசரம் என்றால் குலுக்காமலே கொடுத்துவிடுவோம். வட்டி இல்லை, கழிவு இல்லை. 36,000 கைக்கு வரும். ஆள் நம்பிக்கையானவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கணக்குக் கந்தன்

மாமி சொல்வது சரி, ஆனால் சீட்டில் ஏமாந்த கதைகளும் மலையகத்தில் நிறைய. பிடித்தவர் ஓடிவிட்டால் காசைத் திரும்ப எடுப்பது கஷ்டம். தெரிந்த பன்னிரண்டு பேரோடு நிறுத்துங்கள், ஏலச்சீட்டுப் பக்கம் போக வேண்டாம்.

நகை இருந்தால் வங்கியில் அடகு வைப்பதும் இந்தக் கடனைவிட மலிவு. கிழமைக்குக் கிழமை யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள்.

கொட்டகலை டீச்சர்

தாலிக்கொடியை வைக்கச் சொல்லாதீர்கள். அடகுக்குப் போனது எத்தனை வீட்டில் திரும்பி வந்தது?

கூட்டுறவுக் கிராமிய வங்கி, சணச சங்கம் (சிக்கன, கடனுதவிக் கூட்டுறவு), பிரதேச அபிவிருத்தி வங்கி இவற்றையும் ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். பிணை கேட்பார்கள், அலைச்சல்தான். ஆனால் ஆறு மாதம் அங்கே சேமிப்புப் புத்தகத்தில் காசு போட்டு வந்திருந்தால் பேச்சு மாறும். வியாபாரப் பெயரைப் பிரதேச செயலகத்தில் பதிந்து வைத்தால் அதுவும் ஒரு காகிதம். லயத்து விலாசத்தைவிட அந்தக் காகிதத்துக்கு மதிப்பு.

பேராதனைப் பையன்

ராணி அக்காவுக்கு: உங்கள் பெயர் கடன் தகவல் பணியகத்தில் எப்படி இருக்கிறது என்று வங்கிக் கிளை வழியாக அறிக்கை எடுத்துப் பார்க்கலாம். கட்டி முடித்த கடன் இன்னும் நிலுவை என்று கிடந்தால் திருத்தச் சொல்ல உரிமை உண்டு. உரிமம் உள்ள கம்பனி மிரட்டினால் மத்திய வங்கிக்கு 1935 என்ற தொலைபேசி எண்ணில் முறையிடலாம்.

மஸ்கெலியா ராணி

எடுத்துப் பார்க்கிறேன் தம்பி. தமிழில் பேசுவார்களா?

பேராதனைப் பையன்

தமிழில் பேசக் கேளுங்கள் அக்கா. சரிவராவிட்டால் எனக்குத் தனிமடல் போடுங்கள், நான் பேசித் தருகிறேன்.

நோர்வூட் பிள்ளை

அண்ணி குரூப்பில் சேரவில்லை. அந்த நாலு பேரில் ஒருவருக்குக் கோபம், ஐந்தாவது ஆள் இல்லாமல் அவருக்கும் கடன் கிடைக்காது என்று. அது எப்படி முடியும் என்று தெரியவில்லை. மாமி சொன்ன மாதிரி சீட்டில் ஒரு கை சேர்ந்திருக்கிறார், ஒக்டோபர் முறை கேட்டிருக்கிறார், தீபாவளிக்கு முறுக்கு நன்றாகப் போகும் என்பதால். மெசின் மட்டும் இப்போது வாங்குகிறோம். அண்ணன்தான் பெரிய கடையாகப் பிடிக்கச் சொல்லி ஆட்டம் போடுகிறார்.

டிக்கோயா மாமி

பெரிய கடை வேண்டாம். அவர்கள் மாதக்கணக்கில் காசை இழுத்தடிப்பார்கள். ஹட்டன் பஸ் ஸ்டாண்ட் பக்கம் சின்னக் கடைகள் இருக்கின்றன, பைக்கற்றை எண்ணி வாங்கி அந்த இடத்திலேயே காசு தருவார்கள். முதலில் இருபது பைக்கற் மட்டும் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பைக்கற்றில் திகதியும் விலையும் கட்டாயம் இருக்கட்டும், பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்தால் அதைத்தான் முதலில் கேட்பார்.